கூஜாவின் உள்பக்கம்

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரையிலிருந்து ஆறு வரை. அது கழிகிறவரை யாரும் வாசல் தாண்ட வேண்டாம் என்று சாருலதா சொல்லிவிட்டாள். சொன்னது சம்பந்தியம்மாள், வீடும் அவளுடையது, காலையில் மகள் சங்கரிக்கு வளைகாப்பு நடத்திக் கொடுத்ததும் அவள்தான். ஆகவே உலகம்மை அந்த வெள்ளை சோபாவின் நுனியில், சாய்ந்தால் உறை கசங்கிவிடுமோ என்று பயந்தவளாக, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டிகள் கதவோரம் தயாராக நின்றன. மாப்பிள்ளை பிரசன்னா காருக்குக் காற்றடிக்கப் போயிருந்தான். ஆறு மணிக்குக் கிளம்பினால் எழும்பூரில் ரயிலைப் பிடித்துவிடலாம், விடிந்தால் பாளையங்கோட்டை, பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வந்து சேர்ந்துவிடுவாள். அதுவரை ஒரு வார்த்தை அதிகம் பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பது உலகம்மைக்கு ஒன்றும் புதிதில்லை, பிறந்ததிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள், அதற்காக ஊரெல்லாம் அவளைத் தங்கமான மனுஷி என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. எதிர் நாற்காலியில் சங்கரி கண்ணை மூடிக்கிடந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். முகம் மட்டும் வெளிறிப்போய், கன்னம் ஒட்டிப்போய். ஏழாம் மாசம் இப்படியா இருப்பாள் ஒருத்தி, பூசினாற்போல் அல்லவா இருக்க வேண்டும். இருவருக்கும் நடுவே டீப்பாயின் மேல் அந்தப் பித்தளைக் கூஜா இருந்தது. சன்னல் வெயில் அதன் வயிற்றில் பட்டு, கண்ணைக் கூசவைத்தது. புறப்படுமுன் எல்லோரும் ஒரு டம்ளர் பானகம் குடித்துவிட்டுக் கிளம்பலாம், காலையிலிருந்து இதில்தான் இருக்கிறது, நன்றாக ஊறியிருக்கும் என்று சாருலதா சொல்லிவிட்டு வெள்ளி டம்ளர்களைத் துடைக்கப் போயிருந்தாள். அதில் என்ன இருக்கிறது. ஒன்றுமில்லை. பானகம்தானே.

ஆனால் காலையில் சாருலதா என்னவோ சொன்னாளே. வளையல் அடுக்குகிற சத்தத்தில், பன்னீர் வாசனையில், யாரோ ஒரு அத்தை சங்கரியின் வயிற்றில் கை வைத்துப் பார்த்து, பிள்ளை நல்லா தூங்குது, அசையவே காணோம் என்று சிரித்த அந்த இரைச்சலில், கூஜாவைப் பற்றித்தான் என்னவோ சொன்னாள். காரைக்குடியில் பழைய சாமான் கடையில் வாங்கியது. கறுத்துப்போய்க் கிடந்தது. பாலிஷ் போடுகிறவனைத் தேடிப்பிடித்துக் கொடுத்தது. உலகம்மையும் ரொம்ப அழகாக இருக்கிறது என்று சொன்னாள். அழகாக இருப்பதை எதைக் காட்டினாலும் சொல்வாள், அழகில்லாததைக் காட்டினாலும் சொல்வாள், அது வேறு விஷயம். அதற்குப் பிறகு சாருலதா இன்னொன்று சொன்னாள். அந்த இன்னொன்றுதான் காலில் தைத்த முள்ளாக மதியச் சாப்பாடு முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது, என்ன என்று கையில் அகப்படாமல். இப்போது இந்தப் பளபளப்பைப் பார்த்ததும் அகப்பட்டுவிட்டது. “உள்ள எல்லாம் வெள்ளை வெள்ளையா என்னமோ அழுக்கு அப்பியிருந்துது சம்பந்தி, அதையும் மெஷின் விட்டு சுத்தமா சுரண்டச் சொல்லிட்டேன். இப்போ உள்ளயும் தங்கம் மாதிரி இருக்கு.”

வெள்ளை வெள்ளையாக என்னமோ அழுக்கு. இருக்காது, வேறு ஏதாவது அழுக்காக இருக்கும், சுண்ணாம்பாக இருக்கும், உப்புத்தண்ணீர் வைத்த கறையாக இருக்கும். எழுந்துபோய் மூடியைத் திறந்து எட்டிப்பார்த்தால் முடிந்தது. ஆனால் அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தை எட்டிப்பார்ப்பதா. அதுவும் இந்த வீட்டில். சமையலறைக்குச் சுவரே கிடையாது, இங்கே மூச்சு விட்டால் அங்கே கேட்கும், அங்கிருந்து தலையைத் திருப்பினால் இங்கே சோபாவின் நுனிவரை தெரியும். சாருலதா காதில் எதையோ மாட்டிக்கொண்டு யாரிடமோ மெல்லிய குரலில் பேசியபடி டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பேசுவதும் துடைப்பதும் ஒரே மாதிரி இருந்தது, பதவிசாக, கறை படாமல். பதவிசு. இந்தச் சொல்லை அகராதி அட்டையில் எழுதினோமா இல்லையா. எழுதவில்லை என்று நினைக்கிறேன், பணிவு எழுதினேன், மரியாதை எழுதினேன், இங்கிதம் என்று எழுதி அடித்தேன். பாளையங்கோட்டையில் அந்தப் பழைய பதிப்பகத்தின் அகராதிப் பிரிவில் அவள் மேசையில் ‘பொலைட்’ என்ற ஒற்றைச் சொல் ஒரு வாரமாக அப்படியே கிடக்கிறது. ஆங்கிலத்துக்குத் தமிழ் சொல்ல வேண்டும், கூடவே சொல் எங்கே பிறந்தது என்று ஒரு வரி. பிறந்த கதையில்தான் அவள் மாட்டிக்கொண்டாள். தலைமைப் பதிப்பாசிரியர் செண்பகராமன், நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர், கிரேக்கத்தில் போலிஸ் என்றால் நகரம், அதிலிருந்துதான் பொலைட், நம் நகரத்திலிருந்து நாகரிகம் வந்த மாதிரியே பாருங்கள் உலகம்மை, என்று எல்லோர் முன்னாலும் மேசையைத் தட்டிச் சொன்னார். எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. எவ்வளவு தப்பு. பாலிடிக்ஸும் போலீசும் வேண்டுமானால் அந்த நகரத்திலிருந்து வந்தவை. பொலைட் வந்தது லத்தீனில் தேய்ப்பதற்கு இருந்த சொல்லிலிருந்து. தேய்த்து வழவழப்பாக்கிய பொருளுக்குத்தான் அந்தப் பெயர், பாலிஷும் அதே வயிற்றில் பிறந்ததுதான். ஆங்கிலத்துக்குள் வந்த புதிதில் மனுஷரை யாரும் பொலைட் என்று சொல்லவில்லை, மினுக்கிய கல்லைச் சொன்னார்கள், உலோகத்தைச் சொன்னார்கள், பிறகு எழுத்தைச் சொன்னார்கள், கடைசியில்தான் அது மனுஷர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. உலகம்மைக்கு இது தெரியும். செண்பகராமன் சொன்னபோது தலையசைத்துச் சிரித்தாள். அவருக்கு வருத்தமாக இருக்குமே.

தேய்ப்பது என்றால் எதையாவது எடுத்துவிடுவது. மேலே இருப்பதை எடுக்காமல் எதையும் வழவழப்பாக்க முடியாது. இது ஏன் எந்த அகராதியிலும் இல்லை. அந்த லத்தீன் சொல்லுக்கும் முன்னால் போனால், துணியை அடித்துத் துவைக்கிறவர்களின் தொழிலில்தான் அது தொடங்கியது என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள், அதாவது முதலில் அடி, பிறகுதான் பளபளப்பு. அதே குடும்பத்தில் இன்னொரு சொல் இன்டர்பொலேட், நைந்த துணியை இடையிடையே தேய்த்துப் புதிது மாதிரி காட்டுவது, அதுதான் பிறகு ஏட்டில் பொய்யைச் செருகுவதற்கும் பெயரானது. நல்ல குடும்பம். உலகம்மை கூஜாவைப் பார்த்தாள். அதன் கழுத்தில் அவள் முகம் நீளமாகக் கோணிக்கொண்டு தெரிந்தது. வெள்ளையாக என்னமோ அப்பியிருந்தது. அவள் கண்ணுக்குள் தெருமுனை வேப்பமரத்தடி வந்தது, குழி வெட்டிக் கரி போட்டுத் துருத்தி ஊதுகிற ஈயம் பூசுகிறவர், நவச்சாரத்தைத் தூவினால் குப்பென்று எழுந்து தொண்டையைப் பிடிக்கிற வெள்ளைப் புகை, சிவக்கக் காய்ந்த பாத்திரத்துக்குள் வெள்ளீயக் குச்சியை வைத்துப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால் மஞ்சள் அப்படியே மறைந்து உள்பக்கம் பூராவும் வெள்ளை. புளி விடுகிற பாத்திரம், மோர் வைக்கிற பாத்திரம், ஈயம் இல்லாமல் அடுக்களைக்குள் வரக்கூடாது, புளிப்புப் பட்டால் வெறும் பித்தளையில் களிம்பு ஏறும். அம்மா ஒவ்வொரு பாத்திரத்தையும் வெயிலுக்கு எதிரே சாய்த்து, தலையை உள்ளே விடாத குறையாகப் பார்ப்பாள். ஊசிமுனை அளவு மஞ்சள் தெரிந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அந்த ஆள் அலுத்துக்கொள்வார், இந்த அம்மாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சந்தேகம் என்று. ஏன் என்று அவருக்குத் தெரியாது. தெருவில் யாருக்குமே தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், எட்டு வயசு உலகம்மைக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், மூவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

அப்பா வேலை பார்த்த மில்லின் மானேஜர் வீடு. சரஸ்வதி பூஜை. கூடம் நிறைய விளக்கு. அம்மா மாம்பழக் கலர்ப் பட்டில், மேடிட்ட வயிற்றின்மேல் முந்தானையைப் போர்த்திக்கொண்டு. மானேஜர் சம்சாரமே தன் கையால் பித்தளைப் போகணியிலிருந்து மோர் ஊற்றினாள், அது எவ்வளவு பெரிய கௌரவம். போகணி சாய்ந்தபோது அம்மா உள்ளே பார்த்தாள். உலகம்மையும் பார்த்தாள், அங்கங்கே வெள்ளை, அங்கங்கே மஞ்சள், விளிம்பில் மெல்லிதாய் ஒரு பச்சைக் கோடு. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கண்ணாலேயே வேண்டாம் என்றார், குடிக்க வேண்டாம் என்று அல்ல, சொல்ல வேண்டாம் என்று. பெரிய இடம். அம்மா குடித்தாள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டு மறுபடியும் ஊற்றினார்கள், அதையும் குடித்தாள். அப்புறம் திரும்பி வருகிற வில்வண்டியில் அம்மா வண்டிக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, குடலே வந்துவிடுகிற மாதிரி, நிற்கவே இல்லை. மூன்றாம் நாள் வீட்டில் மருத்துவச்சி வந்து போனாள். பட்டுச்சேலையை யாரோ ஊறவைத்திருந்தார்கள். உலகம்மைக்குத் தம்பி பிறக்கப் போகிறான் என்று சொல்லிவைத்திருந்தவர்கள் ஒருவரும் அதற்குப் பிறகு அதைச் சொல்லவில்லை. மோரினால்தானா, வண்டி குலுக்கலினாலா, யாருக்குத் தெரியும். ஆனால் அடுத்த வருஷ சரஸ்வதி பூஜைக்கும் அப்பா அவர்களை அழைத்துக்கொண்டுதான் போனார். அம்மாவும் வந்தாள். வாய் நிறையச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் நான் சங்கரிக்குச் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுத்ததில் என்ன தப்பு, பெண் பிள்ளை நாலு இடத்துக்குப் போக வேண்டியவள்.

பேசாமல் இப்போதே சொல்லிவிட்டால் என்ன. என்னவென்று சொல்வது. உங்கள் கூஜாவில் ஈயம் இல்லை, நீங்கள் அழுக்கு என்று நினைத்துச் சுரண்டியதுதான் ஈயம், புளிப்புப் பட்டால் களிம்பு இறங்கும் என்று சொல்வதா. பத்துப் பெண்கள் நடுவில் அவள் தூக்கிக் காட்டிப் பெருமைப்பட்ட சாமானை. கல்யாணத்தன்றைக்கு உலகம்மையின் ஒன்றுவிட்ட அண்ணன் காபி ஆறியிருக்கிறதே என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு, சொன்னதுகூட இல்லை, முணுமுணுத்ததற்கு, சாருலதா ஆறு மாசம் இவர்கள் வீட்டுப் போனை எடுக்கவில்லை. சண்டை போடவில்லை, அது அவளுக்கு வராது. எடுக்கவில்லை, அவ்வளவுதான். இந்தப் பிரசவத்துக்கே எத்தனை நடை, எத்தனை கெஞ்சல். பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கும்போது அங்கே எதற்கு என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். போன வாரம்தான் மனசு இறங்கினாள். இப்போது ஒரு சொல் தவறினால் முகம் மாறாமலே சொல்லிவிடுவாள், அவ இங்கயே இருக்கட்டுமே சம்பந்தி, அவளுக்கு அலைச்சல் ஒத்துக்காது, என்று. பிரசன்னாவும் அம்மா சொன்னால் சரிதான் என்று பெட்டியை உள்ளே எடுத்து வைத்துவிடுவான். உலகம்மை வெறுங்கையோடு ரயில் ஏற வேண்டும். அங்கே கட்டில் போட்டு, கொசுவலை கட்டி, டாக்டரம்மாவிடம் சொல்லி எல்லாம் ஆயிற்று. இவ்வளவு மெலிந்த பிள்ளையை இங்கே விட்டுவிட்டா. போனில் பேசும்போதெல்லாம் இன்னும் வாந்தி நிற்கவில்லையா என்று கேட்பாள், சங்கரியும் அதுபாட்டுக்கு இருக்கும்மா என்பாள். ஐந்தாம் மாசத்தோடு நிற்க வேண்டியது ஏழாம் மாசத்திலுமா. சிலருக்குக் கடைசிவரை இருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சங்கரியின் உதடு வெடித்திருந்தது. உலகம்மை கண்ணால் கூப்பிட்டுப் பார்த்தாள், கண் மூடியிருக்கிறவளைக் கண்ணால் எப்படிக் கூப்பிடுவது. அப்பா மாதிரி கண்ணால் பேசுகிற வித்தையும் அவளுக்குக் கைவரவில்லை.

சாருலதா வந்துவிட்டாள். தட்டில் வெள்ளி டம்ளர்கள், ஒவ்வொன்றின் அடியிலும் மடித்த வெள்ளைத் துணி. வாழ்க்கையில் ஒரு தடவையாவது இந்தப் பெண்பிள்ளைக்கு ஏதாவது கைதவறி விழுந்திருக்குமா என்று உலகம்மை நினைத்தாள், இன்றைக்கு விழட்டும், இப்போது விழட்டும், கூஜா கவிழட்டும், தரைவிரிப்பு பாழாய்ப் போகட்டும். ஒன்றும் விழவில்லை. சாருலதா மூடியைத் திருகித் திறந்து டீப்பாயில் மல்லாக்க வைத்தாள். மூடியின் உள்விளிம்பில், திருகுப் பள்ளத்தில், பாசி படிந்த மாதிரி மெல்லிதாய் ஒரு கோடு இருந்தது. பச்சை. கூஜா சாய்ந்தது. உள்ளே வெயில் விழுந்தது. மஞ்சள். கழுத்திலிருந்து அடிவரை ஒரு புள்ளி வெள்ளைகூட இல்லாத மஞ்சள், சாருலதா சொன்னது சத்தியம், தங்கம் மாதிரிதான் இருந்தது. வெல்லமும் எலுமிச்சையும் சுக்கும் கலந்த தண்ணீர் அந்தத் தங்கத்தின்மேல் வழுக்கிக்கொண்டு டம்ளரில் விழுந்தது. முதல் டம்ளர் உலகம்மைக்கு. அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சொல்லு. வாயைத் திற. எலுமிச்சை எனக்கு ஆகாது என்று சொல்லு, சர்க்கரை வியாதி என்று சொல்லு, பொய்யாவது சொல்லு. அவள் குடித்தாள். ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, பார்த்ததை விழுங்கினாள். முதலில் இனிப்பு, பிறகு சுக்கின் காரம், அதற்கும் பின்னால், நாக்கின் இரு ஓரத்திலும், செப்புக்காசைச் சப்பினால் வருகிற அந்தக் கசப்பு. மானேஜர் வீட்டு விளக்குகள் எல்லாம் ஒரு நொடி எரிந்தன. சாருலதா இரண்டாவது டம்ளரை நிரப்பி சங்கரியின் தோளைத் தொட்டு எழுப்பிக் கையில் கொடுத்தாள். சங்கரி அதைக் கண்ணைத் திறக்கும்போதே வாங்கிக்கொண்டாள், பழக்கப்பட்ட கை.

உலகம்மைக்கு எங்கிருந்து அந்தச் சுறுசுறுப்பு வந்ததோ. எழுந்துபோய், ரயிலில் இவளுக்கு வயிற்றைப் புரட்டும், நானே குடித்துவிடுகிறேன், எனக்குத் தாகம் அடங்கவே இல்லை என்று சிரித்துக்கொண்டே மகள் கையிலிருந்து டம்ளரை வாங்கி, நின்றவாக்கிலேயே மடக் மடக்கென்று குடித்துத் தீர்த்தாள். யார் மனசும் நோகவில்லை. பெருமையாகக்கூட இருந்தது, எவ்வளவு நாசூக்காக முடித்துவிட்டோம் என்று. சாருலதாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து சம்பந்தி எதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில்லை, இன்றைக்குத்தான் வாய்விட்டுக் கேட்டிருக்கிறார் என்று அவளுக்குச் சந்தோஷம். “அவளுக்கு ஒண்ணும் ஆகாது சம்பந்தி, நிறைய இருக்கு, நீங்களும் எடுத்துக்கோங்க,” என்று சொல்லி இரண்டு டம்ளரையும் மறுபடி விளிம்புவரை நிரப்பினாள். ஒன்றை மருமகள் கையில் வைத்துவிட்டு, பிரசன்னாவுக்கு எடுத்து வைக்க இன்னொரு டம்ளர் கொண்டுவரத் திரும்பினாள். உலகம்மை குனிந்தாள், மகளின் காதருகே, வேண்டாம், தொட்டி பக்கத்தில் இருக்கிறது, செடிக்கு ஊற்றிவிடு என்று சொல்ல. அவள் வாயைத் திறக்குமுன் சங்கரி அசதியோடு சிரித்தாள். உலகம்மையின் அம்மாவுடைய சிரிப்பு அது, வில்வண்டிக்கு அடுத்த வருஷத்துச் சிரிப்பு.

“எனக்காக நீ எதுக்கும்மா குடிச்ச. எனக்குப் பழகிட்டு. தெனமும் காலைல வெறும் வயித்துல இதுலதான குடிக்கேன், ராத்திரியே எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ஊத்தி வச்சிருவாங்க, பிள்ளைக்கு நல்லதுன்னு. ஒரு மாதிரி செப்புக்காசு கணக்கா கசக்கும். குடிச்ச உடனே வாந்தி வந்துரும், பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு எடுத்துருவேன், அவங்களுக்குக் கேக்காது.” என்று அம்மாவின் காதில் கிசுகிசுத்தாள். டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டே, குற்றம் சொல்கிற தொனி துளியும் இல்லாமல், “ஊத்திக் குடுத்தத வேண்டாங்கப்பிடாதுன்னு நீதான சொல்லுவ,” என்றாள்.

எத்தனை மாசம் என்று உலகம்மை கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை, வாந்தி நிற்கவில்லை என்று மகள் சொன்ன ஒவ்வொரு போனும் ஒன்றன்பின் ஒன்றாக அவள் காதில் அடித்தது. பணிவு, மரியாதை, இங்கிதம், பதவிசு, நாசூக்கு, அட்டையில் எழுதியதும் எழுதாததும் எல்லாம் பல்லிடுக்கில் செம்பாகக் கசந்தது. கை தானாக வீசியது. டம்ளர் சங்கரியின் உதட்டிலிருந்து பறந்து, வெள்ளை சோபாவில் பட்டு, தரையில் உருண்டது. “குடிக்காதட்டி,” என்று கத்தினாள். அவள் ஊர்ப் பேச்சு அது. சம்பந்திமார் ஒருத்தியை ஒருத்தி மைனி என்று கூப்பிடுகிற ஊர். இந்த வீட்டுக்காக அதைச் சம்பந்தியம்மா என்று மாற்றி வைத்திருந்தாள், இப்போது அதுவும் நிற்கவில்லை. சாருலதா அங்கிருந்து திரும்பி, வழிகிற சோபாவையும் இவளையும் மாறிமாறிப் பார்த்தாள். முகம் மாறவில்லை. மாறாத முகத்தில் நிறம் மட்டும் மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

“மைனி, நீங்க சுரண்டினது அழுக்கு இல்ல, ஈயம். அது இல்லாம இது பூரா களிம்பு, விஷம். தெனமும் எம்பிள்ளைக்கு விஷத்த ஊத்திக் குடுத்திருக்கீங்க, அவளும் குடிச்சிருக்கா.” கூஜாவைக் கழுத்தோடு தூக்கி ரப்பர்ச்செடித் தொட்டியில் கவிழ்த்தாள். மண் குடிக்கிற சத்தம் கேட்டது. சாருலதா கதவோரத்துப் பெட்டிகளை உள்ளே எடுக்கப் போகவில்லை, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கம் மாதிரி, என்று அவள் உதடு அசைந்ததாக உலகம்மைக்குத் தோன்றியது. இனி அனுப்புவாளா, மாட்டாளா. அந்தக் கேள்வி இத்தனை நேரம் மலைபோல் நின்றது, இப்போது அதைத் தேடிப் பார்த்தால் காணோம். அதற்குப் பின்னால் வேறொன்று நின்றுகொண்டிருந்தது. பிள்ளை நல்லா தூங்குது, அசையவே காணோம். உலகம்மை சங்கரியின் காலடியில் மண்டியிட்டு வயிற்றில் இரண்டு கையையும் வைத்தாள். ஈரமான சேலைக்கு அடியில் வயிறு இறுக்கமாக, வெதுவெதுப்பாக இருந்தது. கடைசியாக எப்போது அசைந்தது என்று கேட்டாள். சங்கரி யோசித்தாள். இவ்வளவு நேரம் யோசிக்கக்கூடாது. நேற்று ராத்திரி என்றாள், பிறகு, இல்லை முந்தாநாளோ என்றாள், பிறகு அவள் கண்ணில் பயம் வந்தது. வளையல் சத்தம் உள்ளே இருக்கிற பிள்ளைக்குக் கேட்கும், அதற்காகத்தானே காலையில் அத்தனை பேரும் அடுக்கினார்கள். உலகம்மை மகளின் இரண்டு கையையும் பிடித்து வயிற்றருகே கொண்டுவந்து குலுக்கினாள். கண்ணாடி கலகலத்தது. உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தாள். மறுபடி குலுக்கினாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை, சாருலதா பக்கத்தில் வந்து பானகம் சிந்திய தரையிலேயே உட்கார்ந்திருந்தாள், அவளும் கையை நீட்டி, கேட்காமலே, வயிற்றின் மறுபக்கத்தில் வைத்தாள். “இன்னும் பலமா ஆட்டுட்டி,” என்றாள் உலகம்மை.